டோரதிக்கு ஒரு பலமான மட்டை

எங்கள் கம்பெனியில் தொள்ளாயிரம் பேர் ஷூ செய்து சம்பளம் வாங்குகிறார்கள். ஷூவைப் போட்டுக்கொண்டு ஓடியாடிச் சம்பளம் வாங்கியவர்கள் நான்கே பேர். அதில் ஒருத்தி டோரதி, ஒருவன் நான். மற்றவர்களுக்கு எங்களைப் பார்த்தாலே வயிறு எரியும். எரிந்தால் எரியட்டும். என் பெயர் ராமமூர்த்தி, வயது ஐம்பது, டெஸ்பாட்சில் இருபத்திரண்டு வருடம் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டியவன். அடுத்தவன் வயிற்றெரிச்சலுக்குப் பயப்படுகிற வயதைத் தாண்டிவிட்டேன்.

ஆம்பூரில் ஷூ செய்ய யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எங்களிடம் ஷூ வாங்குகிற ஒரு வெளிநாட்டு பயர், பேடல் என்கிற விளையாட்டுக்கு ஷூ கேட்டபோது, செய்த ஷூவை ஆடிப் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அதற்கு வேர் டிரையல் என்று பெயர். ஆட இடம் வேண்டுமே என்று கோடவுனுக்குப் பின்னால் இருபது மீட்டர் நீளத்தில் ஒரு கோர்ட் கட்டினார்கள். இரண்டு கோடியிலும் கண்ணாடிச் சுவர், அதற்கு மேல் கம்பி வலை, நடுவில் நெட். பந்து டென்னிஸ் பந்து மாதிரி இருக்கும். மட்டையில் நரம்பு கிடையாது, தடிமனான பலகையில் துளை துளையாகப் போட்டிருப்பார்கள். ஜோடி ஜோடியாக ஆட வேண்டும். தரையில் ஒரு முறை குத்திக் கண்ணாடியில் பட்டுத் திரும்புகிற பந்தையும் அடிக்கலாம். கேன்டீனில் அந்தக் கோர்ட்டுக்கு வைத்த பெயர் மீன் தொட்டி.

முன்னே பின்னே எதையாவது ஆடியவர்கள் கை தூக்குங்கள் என்று ஹெச்.ஆர். கேட்டபோது டோரதி தூக்கினாள். நான் தூக்கியது ஃபேனைக் கூட்டச் சொல்லி. இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டார்கள்.

டோரதி ஆள் குள்ளம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் முதல் வரிசையில்தான் நிறுத்துவார்கள், பின்னால் நின்றால் ஆள் இருப்பதே தெரியாது. ஆனால் பள்ளிக்கூடத்தில் பூப்பந்து ஆடி மாவட்ட அணி வரை போனவள். அந்த நீள மட்டையைச் சுழற்றிச் சுழற்றி ஏறிய கை பலம், கல்யாணம் ஆகி, அக்சா என்று ஒரு பெண் பிறந்து, அவள் நர்சிங் சேர்ந்த பிறகும் இறங்கவில்லை.

அந்தக் கையை வைத்துக்கொண்டு பதினெட்டு வருடம் சோல் ஒட்டும் லைனில் நின்றாள். பசை தடவி, சூடு காட்டி, சோலை வைத்து அழுத்த வேண்டும். பசை வாசனை சாயங்காலம் அவளோடேயே வீட்டுக்குப் போகும். தினமும் நாலு மணிக்குத் தலைவலி பிடித்துக்கொள்ளும். என் டெஸ்பாட்ச் வாசலில் வந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்காருவாள். ஒரு டீ குடி, சரியாகிவிடும் என்பேன். வேலைக்கு டிமிக்கி கொடுக்க நல்ல சாக்கு என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வேன். இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கோர்ட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் தலைவலி நின்றுவிட்டது. இரண்டு வருடம் தினமும் மூன்று மணி நேரம் ஆடினோம். நான் ஆடினேன் என்றால் பந்து என் மேல் பட்டது என்று அர்த்தம். டோரதி உண்மையாகவே ஆடினாள். கண்ணாடியில் பட்டு எந்தப் பந்து எந்தப் பக்கம் வரும் என்று அவளுக்குப் பந்து கிளம்பும்போதே தெரிந்தது. ஒவ்வொரு ஜோடி ஷூவையும் முப்பது நாள் போட்டுத் தேய்த்து, ஃபாரத்தில் பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். இரண்டு வருடமும் பாஸ்தான்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோது ரிச்சர்ட் சார் வந்து சேர்ந்தார். பயருடைய ஆள், ஷூவை வாங்குவதா வேண்டாமா என்று சொல்கிறவர். வேலூர்க்காரர்தான், ஆனால் ஆறு மாதம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்ததால் மோரைக்கூட மூடியைத் திறந்து மோந்து பார்த்துத்தான் குடிப்பார். அடுத்த மாடல் அட்வான்ஸ்டு ஆட்டக்காரர்களுக்கு, அதனால் டிரையலுக்கும் அட்வான்ஸ்டு ஆட்கள்தான் வேண்டும், சென்னை கிளப்பிலிருந்து ஒரு ஜோடியைப் பேசியிருக்கிறேன் என்றார். எங்களை அவரவர் பழைய பிரிவுக்கே அனுப்பிவிடுவார்களாம்.

டோரதி ஒன்றும் பதறவில்லை. அட்வான்ஸ்டு என்றால் என்ன என்று கேட்டாள்.

ரிச்சர்ட் சார் விளக்கினார். தூக்கிப் போட்ட பந்தை ஸ்மாஷ் அடித்தால், அது எதிராளி பக்கம் தரையில் ஒரே குத்து குத்தி, கண்ணாடியையும் வலையையும் தாண்டிக் கோர்ட்டுக்கு வெளியே போய் விழ வேண்டும். நான்கு மீட்டர் உயரம். அப்படி அடிக்கிறவன்தான் அட்வான்ஸ்டு. டோரதியின் ஸ்மாஷ் போன மச்சான் திரும்பி வந்த மாதிரி கண்ணாடியில் பட்டு எதிராளி கைக்கே வந்து சேரும். அதை அவரே பார்த்திருந்தார். பேச்சை வளர்க்க விரும்பாமல், இருபது நாள் கழித்து ஒரு சனிக்கிழமை அந்தச் சென்னை ஜோடியோடு ஆடட்டும், மூன்று பந்து வெளியே போனால் யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"மூர்த்திணா, திரும்ப அந்தப் பசை வாசனைக்குப் போவச் சொன்னா என்னால முடியாது. வேலையையே விட்டுடுவேன்" என்றாள் டோரதி. அக்சாவுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி. வேலையை விடுகிற நிலைமையில் அவள் இல்லை என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கையில் குறை இல்லை, மட்டையில்தான் குறை என்று முடிவு கட்டினாள். பயர் அனுப்பிய மட்டைகள் வட்டமானவை, உள்ளே மெத்தென்று இருப்பவை. கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஆனவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு என்னையும் இழுத்துக்கொண்டு வேலூருக்கு பஸ் ஏறினாள்.

பஜார் பக்கம் ஹஸன் பாயின் விளையாட்டுச் சாமான் கடை. கேரம் போர்டுகளுக்கும் ஸ்கிப்பிங் கயிறுகளுக்கும் நடுவே மூன்று பேடல் மட்டைகள் ஒன்றரை வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பார்த்தவர்கள் எல்லாம் இது இன்னா பாய், புது மாதிரி முறமா என்று கேட்டுவிட்டு ஷட்டில்காக் வாங்கிப் போனார்களாம். நாங்கள் பேடல் என்று சொன்னதும் பாய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு டீ சொன்னார்.

மனுஷனுக்கு விஷயம் தெரிந்திருந்தது. வட்ட மட்டையில் பந்து சரியாகப் படுகிற இடம் நடுவில், பெரிதாக இருக்கும், தப்பாக அடித்தாலும் மன்னிக்கும். வைர வடிவ மட்டையில் எடை எல்லாம் தலையில், கோடாலி மாதிரி. சரியாகப் படுகிற இடம் மேலே, சின்னதாக இருக்கும். அங்கே பட்டால் அடி இடி, தவறினால் கை வலி. கண்ணீர்த்துளி வடிவம் இரண்டுக்கும் நடுவில். உள்ளே இருக்கிற நுரை மெத்தென்று இருந்தால் மெதுவாக வீசினாலும் பந்தைத் தள்ளும். கெட்டியாக இருந்தால் வேகமாக வீசுகிறவருக்குத்தான் பலம் கொடுக்கும். அவரிடம் இருந்தவை வைரத்தில் இரண்டு, ஒன்று லேசு, ஒன்று பாரம். மூன்றாவது கண்ணீர்த்துளி.

"உள்ள இன்னா நுரை பாய்?" என்றாள் டோரதி.

ஈவா என்றார். டோரதி சிரித்துவிட்டாள். ஷூ சோலில் இருப்பதும் அதுதான். பதினெட்டு வருடம் தினமும் அதைத் தொட்டு அழுத்தியவளிடம் போய் ஈவா என்றால்? எத்தனை ஹார்ட்னெஸ் என்று கேட்டாள். பாய் லேபிளைக் காட்டினார். ஹார்டு என்று மட்டும் போட்டிருந்தது. நம்பர் இல்லாத ஹார்டை எங்கள் ஊரில் எவளும் நம்ப மாட்டாள். பாய் கடைசியில், ஒரு வாரம் எடுத்துப் போய் ஆடிப் பார், ஒன்றை வைத்துக்கொள், மற்ற இரண்டும் அப்படியே திரும்பி வந்துவிட வேண்டும் என்றார். அந்த அப்படியே என்கிற சொல்லை இரண்டு தடவை சொன்னார்.

திங்கட்கிழமை மூன்றையும் அடித்துப் பார்த்தாள். லேசான வைரம் அவள் கையோடு ஒட்டிக்கொண்டது. அதையே எடுத்துக்கொண்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சோதிக்காமல் ஒரு பொருளை உள்ளே எடுக்கிற பழக்கம் ஷூ கம்பெனிக்காரிக்குக் கிடையாது. மூன்றையும் எங்கள் லேபுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

லேபில் மதியழகன். இருபத்தெட்டு வயது, சட்டம் பேசுகிற பிள்ளை. மஞ்சள் சீட்டு இல்லாமல் அவன் தன் அம்மா கொடுத்தனுப்பிய டிபனைக்கூட வாங்க மாட்டான் என்று நான் கிண்டல் செய்வேன். டோரதி மஞ்சள் சீட்டில், பொருள் மட்டை, எண்ணிக்கை மூன்று, பார்க்க வேண்டியது ஈவா ஹார்ட்னெஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டு டீக்குப் போனாள். இருபது நிமிடம் கழித்து நாங்கள் திரும்பி வந்தபோது லேசான வைரம் இரண்டாக அறுக்கப்பட்டு, பூசணிக்காய்ப் பத்தை மாதிரி மேசையில் கிடந்தது.

என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

"அக்கா, மேல கார்பன் இருக்கு. மேல வச்சுப் பாத்தா கார்பனோட ஹார்ட்னெஸ்தான் காட்டும். ஈவாவுதுன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. மூணு வந்தா ஒண்ண அறுக்கணும், அதான் ரூலு" என்றான் மதியழகன். நம்பரையும் சொன்னான். அது உண்மையிலேயே கெட்டிதான். குறை சொல்ல முடியாத அளவுக்குச் சுத்தமாக அறுத்திருந்தான்.

தப்பு அவன் மேல் இல்லை. டோரதியும் இத்தனை வருடத்தில் லேபுக்குள் போன எதுவும் முழுசாகத் திரும்பி வந்து பார்த்ததில்லை. ஷூ, சோல், லேஸ் எல்லாவற்றையும் அறுத்து, இழுத்து, கிழித்துத்தான் நல்லது என்று சொல்வோம். தொழில் புத்தி.

மறுநாள் அறுபட்ட மட்டையோடு ஹஸன் பாய் கடைக்குப் போனோம். பாய் இரண்டு பாதியையும் கையில் வாங்கினார். பக்கவாட்டில் பார்த்தார். வெளியே கார்பன் தோல், உள்ளே சாம்பல் நிற நுரை, நுனியில் கட்டை மாதிரி கனம். ரொம்ப நேரம் பார்த்தார். நான் வாசலுக்கு எத்தனை அடி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒன்றர வருஷமா விக்கிறேன், உள்ள இன்னா கீதுன்னு இப்பதான் பாக்குறேன்" என்றார்.

ஒரு பாதியைக் கடையின் முகப்பில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். வருகிறவர்களுக்குக் காட்டி விளக்க வசதி என்றார். ஆனால் மிச்சமிருக்கிற இரண்டில் ஒன்றை டோரதி எடுத்தே ஆக வேண்டும், இனி வேறு எதையும் எங்கள் ஊர்ப் பக்கம் சோதனைக்கு அனுப்புவதாக இல்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆக, பாரமான வைரமா, கண்ணீர்த்துளியா? கண்ணீர்த்துளியை எடு, உன் வயசுக்கு அதுதான் என்றேன். டோரதி முறைத்தாள். அவள் என்னைவிட ஒன்பது வயது சின்னவள்.

அன்று சாயங்காலம் அவள் செய்த சோதனைதான் எனக்குப் பிடித்தது. ரப்பர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க லைனில் தூவுகிற வெள்ளைப் பவுடரில் பந்தைப் புரட்டி, ஒவ்வொன்றாகப் போடச் சொல்லி, பழைய வட்ட மட்டையால் ஐம்பது ஸ்மாஷ் அடித்தாள். பிறகு மட்டையைத் திருப்பிப் பார்த்தோம். நடுவில் இருக்க வேண்டிய வெள்ளைத் தடங்கள் எல்லாம் மேலே, நுனியில் குவிந்திருந்தன. போன் வீடியோவில் வருகிற கோச்சுகள் எல்லாம் தப்பு என்று சொல்கிற இடம். ஏன் என்று அவளே சொன்னாள். பூப்பந்து மட்டை நீளம். கை இன்னும் அந்த நீளத்துக்கே பந்தைத் தேடுகிறது.

வட்ட மட்டையில் அது தப்பு. வைர மட்டையில் பலம் இருப்பதே அந்த இடத்தில்தான். கண்ணீர்த்துளி அங்கேயே தோற்றுவிட்டது. இருபத்தைந்து வருடப் பழைய பழக்கத்துக்கென்றே எவனோ முகம் தெரியாதவன் ஒரு மட்டை செய்து வைத்திருந்தான் என்றால் எனக்கே சந்தோஷமாக இருந்தது.

ஆனால் அந்தச் சந்தோஷம் முந்நூற்று எழுபத்தைந்து கிராம் கனத்தது. மூன்றாம் நாள் டோரதியின் முழங்கை வீங்கியது. தைலம் தேய்த்துக்கொண்டு வந்து அடித்தாள். தலைப்பாரம் தாங்காமல் மட்டை அவளைச் சுற்றிக்கொண்டு போனது. நான் வெட்டுப் பிரிவில் கெஞ்சி ஒரு பட்டை லைனிங் தோல் வாங்கி, மெல்லிசாகச் சீவி, பிடியில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொடுத்தேன். பிடியில் எடை ஏறினால் தலை கொஞ்சம் அடங்கும் என்பது கணக்கு. அடங்கியது. இந்த வரலாற்றில் என் பங்களிப்பு அது ஒன்றுதான், அதனால் சொல்லிவிடுகிறேன்.

அந்த மட்டை வந்த பிறகு அவள் ஆட்டமே மாறிப்போனது. முன்பெல்லாம் நின்ற இடத்திலிருந்து பந்தைத் தள்ளிவிடுவாள். இப்போது எம்பிக் குதித்தாள். நுனியில் பட வேண்டும் என்றால் பந்தை உச்சியில் பிடிக்க வேண்டும், குள்ளச்சி வேறு என்ன செய்வாள்? ஒரு நாளைக்கு இருநூறு குதி. ஒற்றைக் காலில் இறங்குவாள். தரை அதிரும். ரிச்சர்ட் சார் கொடுத்துவிட்டுப் போன புது மாடல் ஷூவைத்தான் போட்டிருந்தாள், டிரையலும் ஓடிக்கொண்டிருந்ததே.

சனிக்கிழமை வந்தது. சாப்பாட்டு நேரம், கேன்டீனே மீன் தொட்டியைச் சுற்றி நின்றது. சென்னை ஜோடி உயரமாக, கலைந்தாலும் அழகாக இருக்கிற தலைமுடியோடு வந்திருந்தார்கள். அவர்களும் அதே மாடலில் புது ஷூவை அன்று காலைதான் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டார்கள்.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். டோரதியின் முதல் ஸ்மாஷ் என் பிடரியில் விழுந்தது. இரண்டாவது நெட்டில். மூன்றாவது நல்ல அடி, ஆனால் வலையின் மேல்கம்பியில் பட்டு உள்ளேயே விழுந்தது. முதல் செட் போனது. இரண்டாவதும் போகிற வழியில் இருந்தது. அந்தச் சென்னைப் பையன் நான்கு பந்தை வெளியே அனுப்பிவிட்டு, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். ரிச்சர்ட் சார் போனைப் பார்க்க ஆரம்பித்தார். நான் டோரதியைப் பார்க்கவில்லை. பார்த்தால் தாங்காது.

கடைசி கேம். பந்து உயரமாக வந்தது. டோரதி பின்னால் நாலு எட்டு ஓடி, எம்பி, உச்சியில் பிடித்தாள். அந்தச் சத்தம் இதுவரை எங்கள் கோர்ட்டில் கேட்காத சத்தம். பந்து அந்தப் பக்கம் ஒரு குத்து குத்தி, கண்ணாடியைத் தாண்டி, வலையைத் தாண்டி, கோடவுனின் தகரக் கூரையில் டமாரென்று விழுந்தது. கேன்டீன் மொத்தமும் விசிலடித்தது. நான் கையைத் தூக்கிக்கொண்டு திரும்பினால் டோரதி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

கால் போய்விட்டது என்று பயந்து ஓடினேன். கால் நன்றாகத்தான் இருந்தது. வலது ஷூவின் சோல், வெளிப்பக்கம், விரல் அடியிலிருந்து பாதி வரை வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

அவள் ஷூவைக் கழற்றினாள். பிளந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, மோந்து பார்த்தாள். பதினெட்டு வருடம் அதே வேலை பார்த்தவள், அவளுக்கு வேறு சோதனை தேவையில்லை. "ஓரத்துல பசை ஏறல சார். இந்த எடத்துல இந்த சோலுக்கு இந்தப் பசை நிக்காது" என்றாள்.

ரிச்சர்ட் சார் போனைப் பாக்கெட்டில் போட்டார். எப்படியும் பாஸ்தானே என்று டிரையல் முடிவதற்கு முன்பே அந்த மாடலில் நாலாயிரம் ஜோடி பெட்டியில் அடைக்கப்பட்டு, வருகிற வியாழக்கிழமை கப்பல் ஏற இருந்தது. பெட்டிகளுக்கு டேப் ஒட்டியது எங்கள் டெஸ்பாட்ச்தான். இரண்டு வருடமாக நாங்கள் எழுதிய பாஸ் எல்லாம் மெத்தென்ற மட்டையால் தள்ளி ஆடி எழுதிய பாஸ் என்று அவருக்கும் அப்போது புரிந்திருக்க வேண்டும். டோரதி ஃபாரத்தைக் கேட்டு வாங்கி, வாழ்க்கையில் முதல் தடவையாக ஃபெயில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவள் முகத்தில் அப்படியொரு திருப்தியை அக்சா பாஸான அன்றுகூட நான் பார்த்ததில்லை.

ஒரு பந்துதான் வெளியே போனது, மூன்று இல்லையே என்று நானே ரிச்சர்ட் சாருக்கு ஞாபகப்படுத்தித் தொலைத்தேன். என் வாய் அப்படி. அவர் காரிலிருந்து அடுத்த மாடல் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து டோரதி மடியில் வைத்தார்.

"திங்கட்கெழமையிலேர்ந்து இதைப் போடுங்க. இதையும் பிய்ச்சுக் குடுங்க" என்றார்.

சென்னை ஜோடி பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போனார்கள்.

கதை சுபம் என்று நான் வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். திங்கட்கிழமை காலை நோட்டீஸ் போர்டில் பார்த்தால், நாலாயிரம் ஜோடியையும் பிரித்து மறுபடி சோல் ஒட்ட வேண்டும், ஆள் பற்றாது, கை சும்மா இருக்கிறவர்கள் எல்லாம் பதினைந்து நாள் பசை லைனுக்கு என்று போட்டிருந்தது. முதல் பெயர் ராமமூர்த்தி. டோரதிக்கு ஜோடியாக மதியழகனைப் போட்டுவிட்டார்களாம், இனி ஷூ அறுந்தால் உடனே குறிப்பெடுக்க ஆள் பக்கத்திலேயே வேண்டுமாம்.

இரண்டாவது நாள் நாலு மணிக்கு எனக்குத் தலை பிளந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. டெஸ்பாட்ச் வாசலில் போய் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு இரண்டு நாள், அவளுக்குப் பதினெட்டு வருடம். ஒரு டீ குடி என்று சொன்ன என் வாயில் பசையைத் தடவினால் தகும்.

கோர்ட்டிலிருந்து டோரதி ஓடி வந்தாள். என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அவள் முழங்கையில் தேய்க்கிற தைலத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். டீ குடிக்கச் சொல்லவில்லை. திரும்பிப் போய், அடுத்த பந்தைக் கூரை மேல் அடித்தாள்.